ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கூடிப் பழக ஓர் இடம்: கும்பகோணம், வலங்கைமான் பக்கம் ஆரம்பிக்கலாமா?

குடமுருட்டிக்காரன் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். எனக்கு வலங்கைமான் பக்கம். பையனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். பள்ளிக்கூடம் போகிறான், தெரபிக்குக் கும்பகோணம் போகிறான். இந்த இரண்டையும் விட்டால் அவன் போய்வர ஓர் இடம் கிடையாது. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினால் மதிலோரம் நின்று பந்து உருள்வதை மட்டும் பார்ப்பான். யாரும் விரட்டுவதில்லை, யாரும் கூப்பிடுவதும் இல்லை. கல்யாணம், காதுகுத்து என்றால் நானும் வீட்டுக்காரம்மாவும் ஆள் மாற்றி ஆள்தான் போகிறோம். போதாததற்கு எங்கள் ஊர் பட்டாசுக்குப் பேர்போன ஊர். எங்காவது ஒரு வெடி வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

தெரபி வாசலில் காத்துக் கிடக்கும் பெற்றோர் சிலர் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அறக்கட்டளை மாதிரி ஒன்று ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் வந்து இருக்க ஓர் இடம் அமைப்பது. தெரபி இல்லை, டியூஷன் இல்லை. விளையாடலாம், சும்மா உட்காரலாம், மற்ற பிள்ளைகளைப் பார்க்கலாம். நாங்களும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நிம்மதியாக ஒரு காப்பி குடிக்கலாம்.

டிரஸ்ட்டா, சங்கமா? எப்படிப்பட்ட இடம் பார்க்க வேண்டும்? எங்களில் பாதிப்பேர் திருவாரூர் மாவட்டம், பாதிப்பேர் தஞ்சாவூர் மாவட்டம். எங்கே பதிவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை_கணக்கர்:

நல்ல காரியம் சார். டிரஸ்ட் என்றால் இரண்டு மூன்று பேர் போதும். பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். வருடாவருடம் பொதுக்குழு, நிர்வாகிகள் பட்டியல், கணக்குத் தாக்கல் எல்லாம் உண்டு. டிரஸ்ட்டில் வேலை சுலபம். ஆனால் ஓர் அறங்காவலர் முறைத்துக்கொண்டால் அவரை வெளியே அனுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். சங்கத்தில் ஓட்டுப் போட்டு மாற்றலாம். பெற்றோர் நடத்தும் அமைப்புக்கு நான் சங்கத்தைத்தான் சொல்வேன். அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே பதிவு. உறுப்பினர்கள் எந்த மாவட்டமாக இருந்தாலும் சரி.

அப்புறம் 12ஏ, 80ஜி என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகள் (முதலாவது அமைப்புக்கு வரிவிலக்கு, இரண்டாவது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை). புது அமைப்புக்கு முதலில் மூன்று வருடத் தற்காலிகப் பதிவு வாங்கிக்கொள்ளலாம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது, அதனால் வங்கி வழியாகவே வாங்குங்கள். சிங்கப்பூர் மச்சான் பணம் அனுப்புகிறார் என்றால் அவரிடம் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இரட்டைப்பிள்ளை_அம்மா:

அண்ணே, ஆடிட்டர் சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் பத்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள். எனக்கு மயிலாடுதுறை. இரட்டையரில் இளையவனுக்கு ஆட்டிசம், மூத்தவனுக்கு இல்லை. இங்கே நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூடிக்கொண்டிருந்தோம். மண்டபத்துக்காரர் தங்கமான மனிதர், வாடகையே வாங்கவில்லை. ஆடி மாதம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டது. ஒரு ஞாயிறு உண்டு, ஒரு ஞாயிறு இல்லை. நம் பிள்ளைகளுக்கு அது ஆகுமா? செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறவனிடம் ‘இந்த வாரம் அங்கே கல்யாணம்’ என்று எப்படிப் புரியவைப்பது? இடம் சின்னதாக இருக்கட்டும், ஒழுகினாலும் ஒழுகட்டும், ஆனால் அதே கிழமை, அதே நேரம், அதே வாசல்.

மண்டபத்தில் இன்னொரு தொல்லை எதிரொலி. ஒரு பிள்ளை கத்தினால் நான்கு சுவரும் சேர்ந்து கத்தும்.

கேள்விக்குறி:

யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். கும்பகோணத்தைத் தாண்டினால் பேச்சுப் பயிற்சிக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அந்தப் பணத்தில் வாரம் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டை வரவழைக்கலாமே? விளையாட்டை வீட்டிலேயே விளையாடலாம். சின்ன வயதில் போகிற நேரம் திரும்பி வராது.

பயிற்றுநர்_திருவாரூர்:

நான் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். தெரபி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை சார். அரசு மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டு மையம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை பரிசோதனை இலவசம். ஒன்றியத்துக்கு ஒன்றியம் எங்கள் வள மையம் இருக்கிறது. அதையெல்லாம் முதலில் முழுசாகப் பயன்படுத்துங்கள். ஆனால் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்ட ‘எனக்குக் கொடு’ என்ற சொல்லைப் பிள்ளை எங்கே போய்ச் சொல்லிப் பார்க்கும்? அதற்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை வேண்டும், அதன் கையில் இவனுக்கு வேண்டிய பொருள் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ‘பயிற்சி’, ‘மறுவாழ்வு’ என்று போர்டு வைத்தீர்கள் என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி நிறுவனமாகப் பதிவு வாங்க வேண்டும். சிறப்புக் கல்வியோ பேச்சுப் பயிற்சியோ கொடுப்பவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு உள்ளவராக இருக்க வேண்டும். அந்தப் பாதையில் போவதாக இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள். பெற்றோர் உடனிருக்க, நான்கைந்து குடும்பம் ஞாயிற்றுக்கிழமை கூடுவதோடு ஆரம்பித்தால் அவ்வளவு பாரம் இல்லை.

நான் எழுத வந்ததே வேறு விஷயத்துக்கு. இடம் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். கண்ணிமைக்கும் நேரத்தில் வாசலைத் தாண்டிப் போய்விடுவதும் இவர்களிடம் அதிகம். நம் ஊரிலோ கொல்லையைத் திறந்தால் வாய்க்கால், தெருமுனையில் குளம். மே மாதம் போய்ப் பார்த்துவிட்டு ‘வாய்க்கால் காய்ந்துதானே கிடக்கிறது’ என்று சொல்லாதீர்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, அப்புறம் கல்லணை திறந்து, தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டால் அதே வாய்க்கால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். இடத்தைத் தண்ணீர் ஓடும் காலத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

நீலக்குடை:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எனக்கே ஆட்டிசம்தான். முப்பதைத் தாண்டியபின் தெரியவந்தது. தஞ்சாவூரில் வேலை பார்க்கிறேன்.

‘பழகக் கற்றுக்கொடுப்பது’ என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பெயர் சொல்லச் சொல்வார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, கை கொடு, நன்றி சொல்லு. அதைச் செய்யாதீர்கள். சின்ன வயதில் எனக்குக் கூட்டாளி என்றால் ஒரே ஒருவன். இருவரும் ரயில் நேரப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவோம். ஒரு வார்த்தை பேசமாட்டோம். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

டேமியன் மில்டன் என்று ஓர் ஆய்வாளர், அவருக்கும் ஆட்டிசம், 2012-இல் ஒன்று எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்பது பாதிதான். மற்றவருக்கும் இவரைப் புரியவில்லை என்பது மீதிப் பாதி. உங்கள் இடத்தில் அந்த மீதிப் பாதிக்கும் வழி வையுங்கள். தெருப் பிள்ளைகளும் அண்ணன் தங்கைகளும் வரட்டும். ஆனால் ‘பாவம், இவனோடு விளையாடு’ என்று சொல்லி அனுப்பிய பிள்ளையாக இருக்கக் கூடாது. ஊஞ்சலுக்காக வந்த பிள்ளையாக இருக்கட்டும்.

கும்மோணத்துப்_பேத்தி:

ஊஞ்சல் என்றதும் கை தானாக எழுத ஆரம்பித்துவிட்டது. கும்பகோணத்தில் எங்கள் தாத்தா வீடு பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் எல்லோரும் சென்னையில். திண்ணை, உள்ளே நுழைகிற ரேழி, கூடம், முற்றம், கடைசியில் கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. கூடத்தில் தேக்குப் பலகை ஊஞ்சல், பித்தளைச் சங்கிலி, இன்றைக்கும் கிறீச் சத்தம் இல்லாமல் ஆடும். பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். அப்பாவிடம் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள், கரண்ட் பில் மட்டும் கட்டுங்கள் என்றார். கொல்லையில் கிணறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்கதவைத் திறந்தால் வாய்க்கால்.

பயிற்றுநர்_திருவாரூர்:

அம்மா, உங்கள் அப்பாவுக்குக் கோடி நன்றி. கிணற்றுக்குக் கம்பி வலை, அதற்குப் பூட்டு. தகரத்தைச் சும்மா மூடி வைப்பதெல்லாம் கதைக்காகாது, அதன்மேல் ஏறிக் குதிப்பார்கள். கொல்லைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள், பெரியவர் கைக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில். மாடிப்படி எங்கே இருக்கிறது? முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்குமா? முற்றத்து விளிம்பு எத்தனை இறக்கம்? ரேழியில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு அன்றைக்கு வேறு வேலையே கிடையாது, போனும் கிடையாது. அப்படி ஒரே வாசலில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிகிறது என்பதால் இந்த வீட்டமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

மன்னை_கணக்கர்:

வாய்மொழியாக வேண்டாம். வாடகை இல்லாவிட்டாலும் ஓர் எளிய ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பது அதில் வரட்டும். இடம் கொடுத்த பாவத்துக்கு அந்தப் பெரியவர் அலையக் கூடாது.

கேள்விக்குறி:

கொல்லை பெரிசு என்றால் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டால் வெயில் தெரியாமல் விளையாடலாமே. செலவும் குறைவு.

இரட்டைப்பிள்ளை_அம்மா:

கும்பகோணத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கீற்றுக் கொட்டகையா? 2004 ஜூலை 16, இதே ஊரில் நடந்த பள்ளித் தீ விபத்தை மறந்துவிட்டீர்களா சார்? 94 பிள்ளைகள். ஓலை வேண்டவே வேண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளை வைத்திருக்கப் போகிறோம் என்பதால் நமக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: சாவி ரேழியில் இருப்பவர் இடுப்பிலேயே இருக்க வேண்டும், அடுப்பு கூடாது, காப்பியை பிளாஸ்கில் கொண்டுவாருங்கள்.

குடமுருட்டிக்காரன்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பேத்தி மேடம், அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறோம். உள்ளே என்னென்ன வைப்பது? பெரிய அண்டாவில் நெல் கொட்டி வைத்தால் கைவிட்டு அளைந்துகொண்டிருப்பார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். வீட்டு நெல்தான், காசு செலவில்லை.

ஆச்சி_நாகை:

தம்பி, நெல் வேண்டாம். சுணை பட்டால் அரிக்கும், இந்தப் பிள்ளைகளுக்குத் தோல் வேறு ரோஷம் பிடித்தது. புழுங்கலரிசியாகப் போடு, இல்லாவிட்டால் கேழ்வரகு. புளியங்கொட்டை மட்டும் வைத்துவிடாதே, வாயில் போட்டு விழுங்கிவிடும். என் பேரன் மூக்கில் ஏற்றிக்கொண்டு நாங்கள் பட்ட பாடு போதும்.

பேச்சு வர வேண்டும் என்று அவனைச் சீர்காழிப் பக்கம் திருக்கோலக்காக் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போனேன், ஓசை கொடுத்த நாயகிக்குத் தேன் வைத்துக் கும்பிட்டேன். இன்னம்பூரில் நெல்லால் நாக்கில் எழுதவும் வைத்தேன். சின்னப் பிள்ளைகள் சிரிக்கலாம், எனக்கு மனசு நிம்மதி. சீர்காழியிலிருந்து வருகிற வழியில் பஸ்ஸில் ஒரு பெண் அதேபோல் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளும் நானும் நாகப்பட்டினம் வரை பேசிக்கொண்டே வந்தோம். இரண்டு பிள்ளைகளும் ஜன்னல் கம்பியை மாறி மாறி நக்கிக்கொண்டு வந்தன. யாரும் யாரையும் அதட்டவில்லை. நீ ஆரம்பிக்கிற இடம் அந்த பஸ் சீட்டு மாதிரி இருந்தால் நான் நாகையிலிருந்து வருகிறேன்.

நீலக்குடை:

ஆச்சிக்கு ஒரு கும்பிடு.

வைக்க வேண்டியவற்றில் என் பங்குக்கு ஒன்று: யாரும் வராத ஒரு மூலை. திரை போட்ட அறை இருந்தால் நல்லது, விளக்கு மங்கலாக. கூட்டம் தாங்கவில்லை என்றால் பிள்ளை தானே போய் உட்கார்ந்து தானே திரும்பி வர வேண்டும். அதைத் ‘தண்டனை அறை’ ஆக்கிவிடாதீர்கள். டியூப்லைட் பழசாகிக் கண் சிமிட்டினால் உடனே மாற்றிவிடுங்கள். உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தலைக்குள் அடிக்கும். மார்கழியில் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி எத்தனை மணி வரை பாடும் என்றும் விசாரித்துவிடுங்கள்.

முகவரியில்லாதவன்:

புதுக் கணக்கு, மன்னிக்கவும். எனக்கு ஒரு பெண் ஒரு பையன். பையனுக்குத்தான் ஆட்டிசம். சொந்தக்காரர்கள் பாதிப்பேருக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குள் எங்களைப் பார்த்துவிட்டால் நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ‘அந்தக் குடும்பமா’ என்பார்கள். எல்லாரும் தைரியமாகப் பேசுகிறீர்கள். என் மனைவி இன்னும் அவனைப் பகலில் தெருவில் கூட்டிக்கொண்டு போனதில்லை.

இரட்டைப்பிள்ளை_அம்மா:

ஐயா, உங்கள் பயத்தை நான் தப்பென்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் மாமியார் அதைத்தான் சொன்னார். ஒன்று மட்டும் கேட்கிறேன்: உங்கள் பெண்ணுக்கு எத்தனை வயது? அவளுக்குத் தம்பியைப் பற்றிப் பேச ஒரு தோழி உண்டா? எங்கள் கூட்டத்தில் என் மூத்தவன்தான் அதிகம் மாறினான். இவனைப் போலவே தம்பி இருக்கிற இன்னொரு பையனைப் பார்த்தான். இரண்டு பேரும் மூலையில் நின்று யார் தம்பி அதிகம் கடிப்பான் என்று பெருமையடித்துக்கொண்டார்கள்.

குடமுருட்டிக்காரன்:

முகவரியில்லாதவரே, போர்டு வைக்கப் போவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வீட்டில் விசேஷம் என்றுதான் தெரியும்.

கேள்விக்குறி:

என் தம்பி ஒரு சேவைக் குழுவில் இருக்கிறான். மாதம் ஒரு வேளைச் சாப்பாடு, பிறந்தநாள் கேக் எல்லாம் ஸ்பான்சர் பிடித்துத் தருவதாகச் சொன்னான். முதலில் எதிர்த்துப் பேசினேன், இப்போது என்னால் ஆனதைச் செய்கிறேன்.

இரட்டைப்பிள்ளை_அம்மா:

நல்ல மனசு சார். ஆனால் கேக்குக்குப் பின்னாலேயே பேனர் வரும், பேனருக்குப் பின்னால் போட்டோ வரும். இங்கே ஒரு குழு வந்து, காதைப் பொத்திக்கொண்டு அழுகிற பிள்ளை கையில் பொட்டலத்தைத் திணித்துப் படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் வருவதை நிறுத்திவிட்டது. அதோடு நம் பிள்ளைகள் தயிர்சாதம் என்றால் தயிர்சாதம், அதுவும் அந்தத் தட்டில்தான். சாப்பாட்டை அவரவர் கொண்டுவரட்டும். உங்கள் தம்பியிடம் கிணற்று வலைக்கும் ஒரு முதலுதவிப் பெட்டிக்கும் கேளுங்கள்.

பயிற்றுநர்_திருவாரூர்:

ஆமாம், போட்டோவே கூடாது. தன்னார்வலர்கள் விஷயத்திலும் கறாராக இருங்கள். பேசத் தெரியாத பிள்ளைக்கு நடந்ததை வெளியே சொல்லத் தெரியாது. எந்தத் தன்னார்வலரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, கழிவறைக்குப் பெற்றவர்தான் அழைத்துப்போக வேண்டும். சந்தேகம் வந்தால் மூடிமறைக்காமல் புகார் செய்வது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இன்படி கடமை. வருகிற எல்லோரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

போக்குவரத்துக்கு ஒரு தகவல். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிற ஒரு துணையாளுக்கும் அதே சலுகை உண்டு, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அப்பா கூட்டிக்கொண்டு வந்தாலும் செல்லும். கூட்டம் முடிகிற நேரத்தை பஸ் நேரத்துக்கு ஒத்துவருமாறு வையுங்கள். அட்டை இல்லாத குடும்பங்களுக்கு அங்கேயே விண்ணப்பம் எழுதிக்கொடுக்க நான் ஒரு ஞாயிறு வருகிறேன். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடும் ஆட்டிசத்துக்கு உண்டு, வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. நம் பக்கம் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. 18 வயது நெருங்கும் பிள்ளை இருந்தால் சட்டப்படி பாதுகாவலர் நியமனத்துக்குக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் மனுப் போட வேண்டும், அதையும் பேசிக்கொள்ளலாம்.

குடமுருட்டிக்காரன்:

வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். பையனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முற்றத்துத் தூணை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு சுற்றினான், அப்புறம் ஊஞ்சலில் ஏறியவன் இறங்கவே இல்லை. கிணறு பெரிசு, வெல்டரை வைத்து அளவெடுத்தாயிற்று. மாடிப்படிக்கு ஒரு கேட் போட வேண்டும். பின்கதவு செல்லரித்துக் கிடக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். எங்கள் தெரு ஆசாரி கூலி வேண்டாம், பலகை மட்டும் வாங்கிக் கொடு என்கிறார். இதெல்லாம் முடியாமல் பிள்ளைகளை உள்ளே விடப்போவதில்லை. சங்கப் பதிவை நாலைந்து மாதம் கூடிப் பார்த்தபின் செய்யலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதுவரை செலவுக்கு ஒரு நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து.

மன்னை_கணக்கர்:

நோட்டு ஓகே. ரசீது இல்லாமல் வெளியாளிடம் ஒரு ரூபாய் வாங்காதீர்கள், உறுப்பினர்கள் பங்கு மட்டும் போதும்.

முகவரியில்லாதவன்:

வந்தால் பெயர், விலாசம் எல்லாம் எழுத வேண்டுமா?

பயிற்றுநர்_திருவாரூர்:

பிள்ளையை வீட்டில் கூப்பிடும் பெயர், உங்கள் போன் நம்பர். வலிப்பு உண்டா, என்ன மாத்திரை, எது ஒத்துக்கொள்ளாது, எதைக் கண்டால் ஓடுவான் என்று நான்கு வரி. ஜாதி, ஊர், தெரு எதுவும் கேட்கமாட்டோம்.

முகவரியில்லாதவன்:

வலிப்பு இல்லை. ரயில் சத்தம் கேட்டால் ஓடுவான். பெண்ணையும் அழைத்துவரலாமா?

இரட்டைப்பிள்ளை_அம்மா:

அவளைத்தான் முதலில் அழைத்துவாருங்கள். என் மூத்தவனும் வருகிறான்.